வட்டாட்சியர் அலுவலகத்து அமைதிக் கூட்டம்: ஒரு பயனாளியின் மதிப்புரை

பட்டா மாறுதலுக்கு எத்தனை நாள் ஆயிற்று, வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை முறை அலைய நேர்ந்தது என்றெல்லாம் எழுதுகிறோம். திருவிழாவுக்கு முன்பாக இரு தரப்பாரையும் அழைத்து உட்காரவைத்து, மனக்கசப்பு கைகலப்பாக மாறாமல் பார்த்துக்கொள்வதற்கென்று அதே அலுவலகத்தில் நடக்கும் அமைதிக் கூட்டத்தை ஒரு சேவையாகக் கருதி எவரும் மதிப்பிட்டு நான் படித்ததில்லை. செட்டிநாட்டில் தேர், மஞ்சுவிரட்டு, புரவியெடுப்பு, முளைப்பாரி, சந்தனக்கூடு என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு விழா வந்துகொண்டே இருப்பதால், இந்தக் கூட்டமும் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓர் அலுவலகத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கடந்த பத்து ஆண்டுகளில் நான் அதில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை நகரத்து ஊர்வலம் ஒன்றுக்காக. மூன்று முறை எங்கள் ஊர் ஐயனார் கோயில் புரவியெடுப்புக்காக.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது முறை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் பிறந்து, கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்ற ஒரே தகுதியால் விழாக் குழுவின் கடிதங்களை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ப் புரவியெடுப்பில் எங்கள் வீட்டாருக்கு எவரிடமும் கேளாமலேயே இடம் உண்டு, என் தாத்தா காலத்திலும் இருந்தது. எனவே இச்சேவை எவருக்கு மிகுதியும் தேவையோ அவர் எழுதும் மதிப்புரையாக இதைக் கொள்ள வேண்டாம். மேசைக்கு முன்னால் நாற்காலி கிடைத்தவன் எழுதுவது இது.

கூட்டம் எப்படிக் கூட்டப்படுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். யாரேனும் ஒருவர் வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து, அதன் நகல்களைக் கோட்டாட்சியருக்கும் துணைக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புவார். சில வேளைகளில் திங்கட்கிழமைதோறும் சிவகங்கையில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவே கீழே இறங்கி வரும். மனு இல்லாவிட்டாலும் உள்ளூர்க் காவல் ஆய்வாளர் 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்படக்கூடும்' என்று ஓர் அறிக்கை அனுப்பினால் போதும். அதன்பின் ஒரு நாள் மாலையில் கிராம உதவியாளர் வீட்டு வாசலில் வந்து நின்று, மறுநாள் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். எழுத்து மூலமான அழைப்பு எனக்கு நான்கில் ஒருமுறைதான் கிடைத்தது. கட்டணம் ஏதுமில்லை என்றாலும் செலவு உண்டு: ஓய்வூதியக்காரனுக்கு ஒரு காலைப்பொழுது போகிறது, கொத்து வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இந்த வேறுபாடு பின்னால் நான் சொல்லப்போகும் குறை ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வடிவில் தலைகாட்டும்.

வட்டாட்சியர் அந்த நாற்காலியில் நிர்வாக நடுவராகவும் அமர்ந்திருக்கிறார். பேச்சு முறிந்தால் அமைதி காப்பதற்குப் பிணைப்பத்திரம் கேட்கும் நடவடிக்கையும், ஓரிடத்தில் கூட்டம் கூடத் தடை விதிக்கும் ஆணையும் எந்நேரமும் வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 144 என்று எல்லோருக்கும் எண்ணாகவே பழகியிருந்த அப்பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 126, 163 ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இன்றும் 'நூத்தி நாப்பத்துநாலு' என்றுதான் பேச்சு. சமாதானம் பேசுகிறவரும் தடை போடுகிறவரும் ஒருவரே என்பது இச்சேவையின் அமைப்பிலேயே உள்ள செய்தி.

முதல் கூட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். நான் குடியிருக்கும் நகரத்தில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலம் பள்ளிவாசல் தெருவின் முனையைக் கடந்துதான் ஊருணிக்குப் போகவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு தாளமேளம் அந்த முனையில் அளவுக்கு மேல் நின்று முழங்கியதில் முணுமுணுப்பு ஏற்பட்டிருந்தது. கூட்டத்துக்கு விழாக் குழுவிலிருந்து ஐவரும் ஜமாத்திலிருந்து ஐவரும் வந்திருந்தனர். சிலையின் உயரம் பத்து அடிக்கு மேற்படலாகாது, ஒலிபெருக்கி எந்த இடத்தில் அணைக்கப்பட வேண்டும், வாகனங்கள் எத்தனை என்ற வழக்கமான நிபந்தனைகளைக் காவல் ஆய்வாளர் படித்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையானது. எங்கள் பந்தலுக்கான சாமியானாவும் நாற்காலிகளும் ஆண்டுதோறும் எவர் கடையிலிருந்து வாடகைக்கு வருகின்றனவோ அவரே ஜமாத்தின் பொருளாளர். சென்ற ஆண்டு வாடகை பாக்கியும் இருந்தது. பாக்கியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்றாலும், அவரைப் பார்த்துக் குரலை உயர்த்த எங்கள் பொருளாளருக்கு நா எழவில்லை. மஃரிபு தொழுகைக்கு முன்பே, ஐந்தரை மணிக்குள், ஊர்வலம் அந்த முனையைக் கடந்துவிட வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அப்படியானால் அரை மணி முன்னதாகப் புறப்பட வசதியாகச் சரக்கு லாரிகளை அந்தத் தெருவிலிருந்து நான்கு மணிக்கே அப்புறப்படுத்த வேண்டும் என்று எங்கள் தரப்பில் கேட்டோம். நாற்பது நிமிடங்களில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஊர்வலம் அந்த ஆண்டு ஐந்து இருபதுக்கு முனையைக் கடந்தது. ஜமாத்தார் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அந்தப் பழைய தீர்மானத்தையே தேதி மாற்றி எழுதுகிறோம்.

இந்த மண்ணில் இத்தகைய வேலைக்கு ஒரு மரபும் உண்டு. 1982-இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது குன்றக்குடி அடிகளார் நேரில் சென்று இரு சமயத்தாரிடமும் பேசியதையும், மூன்று சமயத்தாரும் ஒரே மேடையில் அமரும் வகையில் திருவருட் பேரவையை நடத்தியதையும் என் வயதுக்காரர்கள் அறிவார்கள். காவி உடுத்தவர் ஒருவர் மாதா கோயில் வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் இயல்பாக வரவேற்கப்பட்டதைக் கண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நகரத்துக் கூட்டம் எளிதாக முடிந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்றே எண்ணுகிறேன்.

இனி எங்கள் ஊர்க் கூட்டங்கள். புரவியெடுப்பைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊர் கூடி நாள் குறித்து, வேளாரிடம் பிடிமண் கொடுத்தால், அவர் சுடுமண்ணில் குதிரைகளைச் செய்து சுட்டு வெள்ளையடித்து வண்ணம் தீட்டி வைப்பார், விழா நாளில் அவற்றைத் தோளில் சுமந்து முதன்மைத் தெரு வழியாக ஐயனார் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எவர் புரவி முன்னால் போவது, எவருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பவை ஊரின் முழு வரலாற்றையும் ஒரு மாலைப்பொழுதில் நடித்துக் காட்டுவது போன்றவை. எங்கள் ஊரில் கிழக்குத் தெருவார் காலங்காலமாகப் பறை அடித்தார்கள், பந்தல் கால் நட்டார்கள், கண்மாய்க் கரையில் பாதை வெட்டினார்கள், புரவி சுமக்கவில்லை. அவர்களுடைய கோரிக்கை மிகச் சிறியது. தங்கள் செலவில் தாங்கள் செய்விக்கும் ஒரு புரவி, மற்றப் புரவிகளோடு முதன்மைத் தெரு வழியே வரவேண்டும் என்பதே.

முதல் ஆண்டுக் கூட்டத்தில் அறையில் எட்டு நாற்காலிகள் இருந்தன. நாங்கள் ஆறு பேர் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டோம். அதைத் திட்டமிட்டுச் செய்தோம் என்று சொல்ல முடியாது, திட்டமிடாமலேயே அப்படி அமைந்தது என்பதுதான் உண்மை. கிழக்குத் தெருவிலிருந்து வந்த ஏழு பேரில் இருவர் மட்டும் உட்காரலாம் என்ற நிலையில் ஒருவரும் உட்காரவில்லை. சுவரோரம் நின்றபடியே பேசினார்கள். அலுவலர் நல்லவர்தான். நின்றுகொண்டு பேசவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். நாற்காலி கொண்டுவரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நின்றவர்களில் மூவர் எங்கள் உறவினர்களின் வயல்களில் வேலை செய்பவர்கள். அவர்களில் மூத்தவரைப் பார்த்து எங்கள் தரப்புப் பெரியவர், "என்னப்பா, நீயுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த முதியவர் கூட்டம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. அதட்டல் இல்லை, வசை இல்லை, நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படியாக ஒன்றுமே இல்லை.

தீர்மானம் இப்படி முடிந்தது: 'பொது அமைதியைக் கருதி இவ்வாண்டு புரவியெடுப்பு விழாவை ஒத்திவைப்பதென இரு தரப்பினரும் ஒருமனதாக ஒப்புக்கொள்கின்றனர்.' எழுதியவன் நான்தான். இரண்டாம் ஆண்டும் அதே தீர்மானம். மூன்றாம் ஆண்டில் ஒரு மாற்றம் செய்தார்கள்: விழா நடக்கலாம், ஆனால் எவருக்கும் பரிவட்டம் கிடையாது, கிழக்குத் தெருப் புரவி ஊரைச் சுற்றியுள்ள வண்டிப்பாதை வழியே தனியாகக் கோயிலுக்கு வரலாம். அந்தப் புரவி வரவில்லை. வேளார் வீட்டுத் திண்ணையில் சாக்குப் போர்த்தியபடி அது இன்றும் இருக்கிறது.

ஒரே அலுவலகச் சேவை, ஒரே மாதிரி மேசை, ஏறக்குறைய ஒரே சொற்களில் தீர்மானம். முதல் இடத்தில் சிறப்பாக வேலை செய்தது, இரண்டாம் இடத்தில் வேலையே செய்யவில்லை. காரணத்தைப் பற்றி நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். ஊர்வலக் குழுவும் ஜமாத்தும் சம எடையுள்ள இரண்டு தட்டுகள்: இருவருக்கும் கடைவீதியில் கடை உண்டு, இருவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள், விட்டுக்கொடுப்பதற்கு இருவரிடமும் ஏதேனும் இருந்தது. அங்கே நடுவில் வெட்டினால் நியாயம் கிடைக்கும். எங்கள் ஊரில் கிழக்குத் தெருவாரிடம் விட்டுக்கொடுக்க என்ன இருந்தது? அவர்கள் கேட்டதைக் கேளாமல் இருப்பது ஒன்றுதான். அமைதிக் கூட்டம் அதை அவர்களிடமிருந்து பெற்று, அதற்கு 'ஒருமனதாக' என்று பெயரிட்டது. விழாவே நடக்காமற்போனால் எங்களுக்கும் இழப்புத்தானே என்று எங்கள் தரப்பில் சொல்லிக்கொள்வோம். நடக்காத விழாவில் எங்கள் முன்னுரிமை அப்படியே பத்திரமாக இருக்கிறது என்பதை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதன் பெரிய வடிவம் கண்டதேவி. தேவகோட்டைக்கு அருகில் உள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேரை உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டார்களும் இழுப்பது வழக்கம். ஆதிதிராவிடர்களும் வடம் பிடிக்க உரிமை உண்டு என்ற கோரிக்கை எழுந்ததை ஒட்டி 1998-இல் தேரோட்டம் நின்றது. இடையில் நீதிமன்ற ஆணையோடும் காவல் பாதுகாப்போடும் சில ஆண்டுகள் ஓடியது. பிறகு திருப்பணி, தேர்ப்பணி என்று 17 ஆண்டுகளுக்கு மேலாக நிலையிலேயே நின்றுவிட்டு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் கண்டிப்புக்குப் பின் 2024 ஜூன் 21 அன்று பெரும் காவல் படையின் நடுவே மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேச்சுவார்த்தைகள் நடந்திருக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் வாழ்கிறவர் எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஆண்டுகளில் கண்டதேவியில் தேர்த் தகராறு ஏதும் இல்லைதான். தேர் ஓடவில்லையே.

அதிகாரிகளின் அச்சத்தை நான் இழிவாக எண்ணவில்லை. 1979-இல் இதே உஞ்சனையில் விழாவை ஒட்டிய மோதலில் ஆதிதிராவிட மக்கள் கொல்லப்பட்டனர். 2018 மே 28 அன்று இதே மாவட்டத்தில் மானாமதுரை அருகே கச்சநத்தத்தில் மூவர் கொல்லப்பட்டனர். கோயில் விழாவில் தொடங்கிய பகை அது. சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வரவேண்டியதுதான், வந்தது. ஆனால் தீர்ப்பு என்பது உயிர்கள் போன பிறகு கிடைக்கும் சேவை. உயிர் போவதற்கு முன்பு கிடைக்கவேண்டிய சேவையைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த இடத்தில் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம் ஒன்றுதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவானது என்பதை நான் மூன்றாம் கூட்டத்துக்குப் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது வழிபாட்டு இடத்துக்குள் நுழைவதையும் சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் கலந்துகொள்வதையும் அவற்றை நடத்துவதையும் தடுப்பது குற்றம் என்று தனியே பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொதுப் பாதையைப் பயன்படுத்துவதையும், மிதிவண்டியில் செல்வதையும், செருப்பு அணிவதையும், திருமண ஊர்வலத்தில் குதிரையில் ஏறுவதையும் தடுப்பதுகூட அதில் உண்டு. அவ்வளவு நுணுக்கமாக எழுதவேண்டிய தேவை எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஆக, கிழக்குத் தெருப் புரவி முதன்மைத் தெருவில் வருவது பேரம் பேசுவதற்குரிய பொருளே அன்று. திருடிய பொருளில் பாதியைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் ஆகுங்கள் என்று எந்த அலுவலகமும் தீர்மானம் எழுதாது. இங்கே எழுதுகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது என்பதை அறிந்த அலுவலர்கள் எவ்வளவு பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளியூர் உதாரணம் தருகிறேன். என் மகள் குடியிருக்கும் சியாட்டில் நகரத்தின் மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் சாதியையும் சேர்த்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். வேலை, வீட்டு வாடகை, பொது இடங்கள் ஆகியவற்றில் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டவர் நகராட்சியின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நியூயார்க் நகரம் வெறுப்புக் குற்றங்களைத் தடுப்பதற்கென்றே 2019-இல் தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. இவற்றைவிட எனக்கு ஆர்வமூட்டியது, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அந்நாட்டில் உருவாக்கிய சமூக உறவுகள் சேவை. ஊரில் இன மோதல் மூளும் நிலை வந்தால் அதன் அலுவலர்கள் போய் இரு தரப்பாரோடும் பேசிவந்தார்கள்; குற்றத்தை விசாரிக்கவோ வழக்குத் தொடுக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை, பேச்சில் கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது என்பது விதியாக இருந்தது. 2009-இல் வந்த வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு சமயம், பாலினம், உடற்குறை ஆகியவற்றை ஒட்டிய பகையிலும் அவர்கள் தலையிடலாம் என்று ஆயிற்று. உரிமையை நிலைநாட்டுவது ஓர் அலுவலகத்தின் வேலை, மனங்களை ஆற்றுவது வேறோர் அலுவலகத்தின் வேலை என்று பிரித்திருந்தார்கள். அந்த நாட்டில் எல்லாம் செம்மையாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை; மகள் தொலைபேசியில் சொல்லும் செய்திகள் அதற்கு இடம் தருவதில்லை. பிரித்து வைத்த அந்தப் பகுப்பு மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் ஊரில் ஒரே அறையில் ஒரே அலுவலர் இரண்டையும் செய்ய முயன்று, கடினமானதை விட்டுவிட்டு எளிதானதைச் செய்துவிடுகிறார்.

நம்மிடம் வேறு சேவைகளே இல்லையா என்றால், உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். வன்கொடுமை வழக்கைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 14566 என்ற தேசிய உதவி எண் உள்ளது. காவல் துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது. இவையெல்லாம் குற்றம் நடந்த பிறகோ, நடந்துகொண்டிருக்கும்போதோ கதவைத் தட்டுவதற்கானவை. ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா நடக்கிறது. கடைசி நாளில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள், நானும் வங்கியில் இருந்தபோது வலது கையை நீட்டி எடுத்திருக்கிறேன். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்தும் ஏறத்தாழ அப்படியே. சாம்பார் நன்றாக இருந்தது.

சமத்துவபுரத்தை மட்டும் அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். 1998-இல் திருமங்கலத்துக்கு அருகே மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் சிங்கம்புணரிப் பக்கம் கோட்டை வேங்கைப்பட்டியில் 2022 ஜூனில் ஒன்று திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்ற கணக்கு, இடுகாடும் பொதுவானது. அத்தகைய குடியிருப்பு ஒன்றில் என் பழைய அலுவலக உதவியாளர் வசிக்கிறார். போனால் தெருக்குழாயில் குடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, பெண்கள் ஒருவர் குழந்தையை மற்றவர் இடுப்பில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "இங்க இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒண்ணுதாங்கய்யா. திருவிழாவுக்கு அவங்கவங்க சொந்த ஊருக்குப் போயிருவாங்க." புதிய ஊரில் பழைய உரிமைகள் எவருக்கும் இல்லாததால் அங்கே சமமாக இருப்பது எளிது, பழைய ஊரில்தான் புரவி சாக்குக்குள் கிடக்கிறது.

இந்தச் சேவையைப் பயன்படுத்த நேரிடுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்லலாம். மனுவை விழாவுக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கடைசி வாரத்தில் கொடுத்த மனுவுக்கு ஒத்திவைப்பைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை, ஏனெனில் காவல் ஏற்பாட்டுக்கு ஆள் இல்லை என்ற உண்மையான காரணம் அப்போது அவர்கள் கையில் இருக்கும். கூட்டத்தைக் கூலி நாளில் வைக்காமல் மாலையில் வைக்கக் கேளுங்கள். ஒருமுறை கேட்டோம், மறுக்கவில்லை. நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். எங்கள் மூன்றாம் கூட்டத்தின் நகல் அப்படித்தான் எனக்கு வந்தது. அதைப் படித்தபோது, வண்டிப்பாதை என்று நான் எழுதிய இடத்தில் 'மாற்றுப் பாதை' என்று எவரோ நாகரிகமாகத் திருத்தியிருந்தார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: சமமானவர்களுக்கு இடையிலான தகராறுக்கு ஐந்துக்கு நான்கு. மற்றதற்கு ஒன்று, அந்த ஒன்றும் இரு தரப்பையும் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்து நிறுத்தியதற்காக. அலுவலர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் ஏதுமில்லை. மூன்று முறையும் மூன்று வேறு அலுவலர்கள், மூவரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். முந்தைய கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று மூவருக்குமே தெரியவில்லை என்பதைத்தான் குறையாகச் சொல்வேன். பணிமாற்றத்தோடு ஊரின் நினைவும் மாறிப்போகும் அலுவலகத்தில், முந்நூறு ஆண்டு நினைவுள்ள தரப்பு வெல்வது இயல்பு.

வரும் ஆனியில் மீண்டும் புரவியெடுப்பு. இம்முறை மனுவை நாங்களும் கிழக்குத் தெருவாரும் சேர்ந்து கொடுப்பதென்று, எங்கள் தரப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொண்டு பாதிப் பேர் பேசாமல் இருக்கும் நிலையில், முடிவாகியிருக்கிறது. வழக்கம்போல் நானே எழுதினேன். 'அனைத்துத் தெருவாரும் புரவி சுமந்து முதன்மைத் தெரு வழியே செல்ல அனுமதி கோரி' என்று பொருள் வரியில் போட்டு, படித்துப் பார்க்கும்படி கிழக்குத் தெருவுக்குக் கொடுத்தனுப்பினேன். அங்கே சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். முதல் கூட்டத்தில் வாயடைத்து நின்ற அந்த முதியவரின் பேத்தி. மறுநாள் தாள் திரும்பி வந்தபோது, என் அழகான கையெழுத்தில் 'அனுமதி' என்ற சொல் மட்டும் அடிக்கப்பட்டு, மேலே 'பாதுகாப்பு' என்று நீல மையில் எழுதியிருந்தது. திருத்தியபடியே தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறேன்.